முன்பக்கத்துப் பீடிங்

ஆகஸ்ட் 12, 1984. ஞாயிறு.

நாற்பத்தெட்டு வயதில் பொம்மைச் சிப்பாய்ச் சண்டையில் தோற்றுவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸில் தெரிந்தால் பியூன்கூட சலாம் போட மாட்டான்.

எல்லாம் ஜனக்புரி ராகவனால். அவன் சாப்பாட்டு மேஜைதான் எங்கள் போர்க்களம். நான் ஈயச் சிப்பாய்களை ஒவ்வொருவனாகக் கையால் நகர்த்துகிறவன். அந்த மகானுபாவன் இன்று பிளைவுட்டில் தட்டுகள் செய்து வைத்திருந்தான். பட்டாளத்தை அதில் நிறுத்தி ஒரு தள்ளு தள்ளினால் மொத்தமாக நகர்கிறது. வார்னிஷ் வேறு, கல்யாணச் சீர் மாதிரி! நாலு ஓரமும் வரப்பு மாதிரி மரச் சட்டம் அடித்த பீடிங். முன்பக்கம்கூட!

“ஓய், முன்னால சுவரை வெச்சுண்டு எவன்யா சண்டைக்குப் போவான்? இது பட்டாளமா, ஆட்டுப்பட்டியா?” என்றேன்.

“முதல்ல உம்ம சட்டைக் கையைப் பாரும். அது பட்டுக் குதிரைப்படை பூரா கவுந்து கிடக்கு” என்றான்.

நடுவர் மல்ஹோத்ரா சிரித்த சிரிப்பில் சாயா சிந்தியது. “போதும், அடுத்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் ராகவன் தட்டுதான்” என்று இந்தியில் தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அந்த ஆட்டுப்பட்டியில் என் படையா? அதற்கு வெள்ளைக்கொடியே காட்டிவிடலாம். ஆணி அடிக்கத் தெரிந்தவனெல்லாம் தளபதி!

அவன் தட்டு ஒன்று எப்படியோ என் பையில் வந்துவிட்டது. இப்போதுதான் முன்பக்கத்துப் பீடிங்கைப் பெயர்த்துவிட்டு, என் ஆட்களை நிறுத்தித் தள்ளிப் பார்த்தேன். தள்ளுவதை விட்டதும் தட்டு நின்றது. ஆட்கள் நிற்காமல் முன்பக்கமாகப் போய்த் தரையில் விழுந்தார்கள்.