அக்கா மகளின் ஆராய்ச்சிக்கு நான் செய்த உதவி

மார்ச் 4
அக்கா மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். உலக நாடுகளைப் பற்றிய படிப்பு. தனியாக ஓர் ஆராய்ச்சி செய்தால்தான் பட்டமாம். பணக்கார நாடுகள் கழித்துப் போடும் துணி கப்பலேறி யார் கைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறாள். எங்கெங்கோ அலைந்துவிட்டு, கடைசியில் என்னிடம்தான் வந்தாள். பழந்துணிக் கிடங்கில் எனக்கு மூட்டை எண்ணும் பொறுப்பு. நான் எண்ணாவிட்டால் எந்தத் துறைமுகத்திலும் ஒரு கப்பல் அசையாது.

மார்ச் 9
துணி பிரிக்கும் பெண்களைப் பேட்டி எடுக்க முதலாளியிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. மூன்று தடவை கேட்டது அவருக்குக் காது மந்தம் என்பதால்.

மார்ச் 10
ஒலிப்பதிவு என்றால் அந்தப் பெண்கள் உளறிவிடுவார்களே! சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் பதில் சொல்லிக் கொடுத்தேன். “உலக வணிகத்தில் எங்கள் பங்கு மகத்தானது” — சொந்தச் சரக்கு. எந்தப் பேராசிரியருக்கு வரும்?
சட்டைகளைப் பிரிக்கும் மேசையில் நிற்பவள், சட்டை மேசைக்காரி, கேட்டாள்: “ஏண்ணே, எங்க வாயை எங்களுக்கே வாடகைக்கு விடுறீங்களா?”
வாய்த்துடுக்கு. ஆனால் மனப்பாடத்தில் அவள்தான் முதல்.

மார்ச் 14
பேட்டிகள் முடிந்தன. அபாரம்.

மார்ச் 21
“உக்காருங்க மாமா” என்று அக்கா மகள் ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் காட்டினாள். குரல்தான் வேறு வேறு. எல்லாவற்றிலும் மகத்தான பங்கு.
“இதுல பேசுறது யாரு மாமா?”
இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். இந்த மாதத்துக்குள் புதிய பேட்டிகள் வராவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான்.
“உனக்கு நல்லது பண்ணத்தானேம்மா...”
“தெரியும். அதான் திட்டக்கூட முடியல.”
அழுதிருந்தாலாவது சமாளித்திருப்பேன். என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 23
முதலாளி மறுத்துவிட்டார். “வேலை கெடுது, ஒரு தடவை போதும்.” இன்று காது நன்றாகவே கேட்டது. வெளியே வந்ததும் சட்டை மேசைக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.
“பாப்பாவை எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. மத்தவங்களையும் நான் கூப்பிடுறேன். நீங்க மட்டும் வந்துடாதீங்கண்ணே.”

மார்ச் 26
அக்கா மகள் போனாள். நான் போகவில்லை. வழி மட்டும் சொன்னேன், சுருக்கமாக.

ஏப்ரல் 12
பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். பட்டம் இந்த வருடமே. ராத்திரி அக்கா வீட்டில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள். சட்டை மேசைக்காரி சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: “வீட்டுக்குப் போறப்ப தொண்டை பூரா பஞ்சுத் தூசி. புள்ளையக் கூப்பிட்டாக் குரல் வராது. கையைத் தட்டித்தான் கூப்பிடுவேன்.”
எட்டு வருடமாக அதே கிடங்கில்தான் இருக்கிறேன். எனக்குத் தெரியாது.
அவள் வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்து வைத்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.
“என்னடா, காய்ச்சலா?”