நான்கு விரற்கடை இடம்

முகாம், கொள்ளிடக் கரை,
அரியலூர் மாவட்டம்.
செப்டம்பர் 12

அன்புள்ள அனிதாவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். கனடாவில் குளிர் தொடங்கிவிட்டதா, அந்தச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் உன் அம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கடிதமா என்று சிரிக்காதே. போனில் நாம் பேசினால் வேலை எப்படி, மழை எப்படி என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா இருக்கிறோமே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் நல்ல செய்தி. வீடிழந்தவர்களுக்கென்று நாம் வரைந்த மடிப்பு வீடுகள் எழுந்து நின்றுவிட்டன. முப்பத்திரண்டும். ஆடி கடைசியில் மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே கரையை உடைத்து ஆற்றோரத் தெருவை மூழ்கடித்துவிட்டது. ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வேண்டும், இவர்களை எங்கே கொண்டுபோவது என்று திண்டாடிய நேரத்தில் யாரோ நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நீ போன பிறகு ஒரு வருடமாகச் செய்து, வேப்பந்தட்டையில் கருப்பண்ணன் அண்ணன் பட்டறையில் அடுக்கி வைத்திருந்த அத்தனையும் ஒரே நாளில் வந்து இறங்கின. லாரிக்கு எட்டு வீடு, நான்கு லாரி. கணக்கு நாம் போட்டபடியே சரியாக இருந்தது.

கருப்பண்ணன் அண்ணனை நீ பார்த்திருக்க வேண்டும். எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் ட்ரெய்லர் செய்தே பழகிய மனிதர் இல்லையா? கூட்டத்துக்கு நடுவே நின்று, "ட்ரெய்லர்ல பக்கப் பலகைய எறக்குவோம்ல, இதுல செவுத்த ஏத்துறோம், அம்புட்டுத்தான்" என்று எல்லோருக்கும் விளக்கினார். நாலு பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு வீடு. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தெருவே வந்துவிட்டது. முதல் வீட்டில் ஒரு பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தாள். அழுதிருந்தாள். அந்த நேரம் நீ பக்கத்தில் இல்லை என்பது எனக்கு ரொம்பவும் உறைத்தது.

குடும்பங்கள் முப்பத்தொன்று. மிச்சமிருந்த முப்பத்திரண்டாவது வீட்டில் நான் தங்கியிருக்கிறேன். இருந்து பார்த்தால்தானே குறை தெரியும்? வெயிலுக்குப் பரவாயில்லை. வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறை மாதிரித் தரையைத் தூக்கி, கீழே காற்று போக விட்டது நல்லதாகப் போயிற்று. மழைக்கு ஒரு மூலையில் ஒழுகியது, அடைத்துவிட்டோம். சாயங்காலம் எல்லா வாசலிலும் அடுப்பு எரியும். நான் கடந்து போகும்போது பேச்சை நிறுத்தி, "வாங்க மேடம்" என்பார்கள். மரியாதைதான். தாண்டிப் போன பிறகு பேச்சு மறுபடி தொடங்கும்.

பக்கத்து வீட்டில் கொளஞ்சியம்மாள் என்று ஒரு அம்மா. ஐம்பத்தைந்து இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வெள்ளம் வந்த அன்று பேசியவள், அப்புறம் பேசவில்லையாம். அவர் மட்டும் என்னை மேடம் என்று சொல்வதில்லை. ரசம் வைத்தால் ஒரு டம்ளர் கொண்டுவந்து தருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பூங்குழலி


முகாம்,
அக்டோபர் 20

அனிதா,

கடிதம் கிடைத்தது என்று நீ போனில் ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதுவே போதும். பதில் எழுதச் சொல்லி இதை எழுதவில்லை. போன கடிதத்தில் சொல்லாமல் விட்டதை இதில் சொல்லிவிட வேண்டும்.

வந்த முதல் வாரமே கொளஞ்சியம்மாளிடம் வீடு எப்படி இருக்கிறது என்று நோட்டும் கையுமாகப் போய்க் கேட்டேன். "வூடு நல்லாத்தான்மா இருக்கு. ஆனா கதவத் தெறந்தா முழு வூடும் தெருவுல வந்து நிக்கிது" என்றார். எனக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். இருந்த இரண்டு புடவையில் ஒன்றைக் குறுக்கே கட்டி மறைப்பு போட்டிருந்தார். மற்ற வீடுகளில் போர்வை, சில வீடுகளில் அதுவும் இல்லை. "பொடவ மாத்தணும்னா வூட்டு ஆம்பளைங்கள வெளிய நிக்க வைக்கணும். வயசுப் புள்ள வச்சிருக்கவ எத்தன தடவ வெளிய போகச் சொல்லுவா? எதுத்த வூட்டுல கதவு தெறந்திருந்தா அதுவும் முடியாது" என்றார். ஆறாம் எண் வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணை வந்த மூன்றாம் நாளே உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

உள்ளே ஒரு மறைப்பு வேண்டும் என்று நீ அன்றே சொன்னாய். வரைந்தும் காட்டினாய். மறைப்பு வைத்தால் மடிக்கும்போது உயரம் கூடும், லாரிக்கு ஏழு வீடுதான் ஏறும் என்று நான் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மூன்று மாதம் இருக்கப் போகிறவர்களுக்கு மறைப்பு எதற்கு என்று கேட்டேன். "மூணு மாசம் பொடவ மாத்தாம இருப்பியாடி நீ?" என்று நீ கேட்டாய். பட்டறை ஆட்கள் முன்னால் கேட்டது எனக்கு அவமானமாக இருந்தது. அதனால்தான் அப்படிப் பேசினேன். உனக்கு இந்த வேலையில் மனசில்லை, வெளிநாடு போக ஒரு காரணம் தேடுகிறாய் என்று சொன்னேன். கனடாவில் வேலை தருவதாக வந்த கடிதத்துக்கு நீ ஐந்து மாதமாகப் பதில் போடாமல் வைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இப்போது அதைச் சரிசெய்தாயிற்று. கருப்பண்ணன் அண்ணனை வரச் சொல்லி, கொளஞ்சியம்மாள் வீட்டை மடித்துப் பார்த்தோம். கீல் இருக்கும் இடத்தில் சுவருக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கிறது. ட்ரெய்லருக்குப் போடும் அதே கீல்தான், அதற்கு அந்த இடம் வேண்டும் என்று விட்டிருந்தோம். அதற்குள்ளேயே மெல்லிய குழாயும் தார்ப்பாயும் வைத்து ஒரு மறைப்பை அடக்கிவிட்டோம். இழுத்தால் அறை இரண்டாகும். தள்ளினால் சுவரோடு போய்விடும். உயரம் ஒரு நூல்கூடக் கூடவில்லை. லாரிக்கு எட்டு வீடு அப்படியே ஏறும். நாம் சண்டை போட்ட அன்றும் அந்த நான்கு விரற்கடை இடம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. நான் உன்னைப் பார்க்க விடவில்லை.

எல்லா வீட்டுக்கும் போட்டாயிற்று. எப்படி இழுப்பது, எங்கே மாட்டுவது என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது கொளஞ்சியம்மாள்தான். நான் சொன்னால் தலையாட்டுகிறார்கள். அவர் சொன்னால் செய்கிறார்கள். ஆறாம் எண் வீட்டுப் பெண் திரும்பி வந்துவிட்டாள்.

தண்ணீர் வடிந்து, தெருவைக் கழுவி, ஒவ்வொரு குடும்பமாக வீடு திரும்புகிறார்கள். முகாமில் இப்போது பாதிதான். தீபாவளிக்கு வாலிகண்டபுரத்துக்கு வரச் சொல்லி அண்ணி கூப்பிட்டார். எப்போது கல்யாணம் என்று கேட்பதை அங்கே விட்டுவிட்டார்கள், விட்டுவந்த காலேஜ் வேலைக்கு எப்போது மறுபடி போவாய் என்று பிடித்துக்கொண்டார்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் மிகவும் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

உன்,
பூங்குழலி


பெரம்பலூர்,
டிசம்பர் 3

அன்புள்ள அனிதா,

வீடுகள் போய்விட்டன. புயல் செய்தி நீயும் பார்த்திருப்பாய். கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் முப்பத்திரண்டு குடும்பம் வெளியில் நிற்கிறது, இரண்டு நாளில் வீடுகளைக் கழற்றி ஏற்ற வேண்டும் என்று போன வாரம் தகவல் வந்தது. அப்போது முகாமில் இரண்டு வீட்டில்தான் ஆள். ஒன்று என்னுடையது. இன்னொன்று கொளஞ்சியம்மாளுடையது.

அவருக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. வீடு போனதோடு நிற்கவில்லை, வீடு நின்ற மண்ணையே ஆறு அறுத்துக்கொண்டு போய்விட்டது. புறம்போக்கு என்பதால் காட்டுவதற்குப் பட்டாவும் கிடையாது. மாற்று இடம் கேட்டு நானே மூன்று மனு எழுதிக் கொடுத்திருந்தேன். பார்க்கிறோம் என்றார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் முப்பத்தொரு வீடும் ஏறிவிட்டது. கடைசி வீட்டின் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பொறுப்பாக வந்திருந்த அதிகாரிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு போன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பக்கம் குழந்தைகள் மழையில் நிற்கிறார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். கொளஞ்சியம்மாள் திறந்தார். நான் உள்ளே போனதும் மறுபடி சாத்தினார்.

திரும்பத் திரும்பப் பயன்படும் வீடு என்று நாம் எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம். திரும்ப எடுக்கும்போது உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் என்பதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அவரே கேட்டார்: "எங்கம்மா போவுது?" சொன்னேன். "எத்தன குடும்பம்?" முப்பத்திரண்டு என்றேன். "இத வுட்டுட்டுப் போனா?" ஒரு குடும்பம் வெளியில் நிற்கும் என்றேன். "அப்ப நானு?" என்றார்.

என்னோடு பெரம்பலூருக்கு வந்துவிடுங்கள், வீட்டில் நான் ஒருத்திதான், இடம் இருக்கிறது என்று சொன்னேன். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அவர் வந்தால் எனக்கும் நன்றாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே அது அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீ நல்ல புள்ளதான். ஆனா ஒன் வூட்டுல நான் யாரு? பகலெல்லாம் செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?" என்று கேட்டார். பிறகு, "அங்க வர்ற பொம்பளைங்களுக்கு இந்த மறைப்ப எப்புடி இழுக்குறதுன்னு யாரு சொல்லிக் குடுப்பா? ஒன்னோட ஆம்பளையாளுங்களா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து, பாத்திரத்தை மூட்டை கட்டி வெளியே வைத்தார். கருப்பண்ணன் அண்ணனிடம் ஸ்பானரைக் கேட்டு வாங்கினார். எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் வீட்டைத் தானே பிரித்தார். லாரி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். எங்கள் வேலையாள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்து, வீடு பொருத்துபவர் என்று எழுதிக் கொடுத்தேன்.

லாரிகள் போன பிறகு மைதானத்தில் நான் மட்டும் இருந்தேன். வீடு நின்ற இடமெல்லாம் புல் வெளுத்துப்போய், முப்பத்திரண்டு கட்டமாகத் தெரிந்தது. திருமானூர் வந்து பஸ் பிடித்து, அரியலூரில் மாறி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கடலூர் போனேன். அங்கே கொளஞ்சியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, வீடு வீடாக நுழைந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தனியாக இருக்கிறாள் என்று அவள் வீட்டிலேயே தங்கிக்கொண்டாராம். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா? எளச்சுப் போயிட்டியே" என்றார். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். எனக்கு அங்கே பெரிய வேலை எதுவும் இல்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவருடைய மனுவை விடவில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் போய் நிற்கிறேன். அந்த வீடுகளும் ஒரு நாள் அங்கிருந்து கிளம்பத்தான் போகின்றன. அதற்குள் அவர் பெயரில் ஒரு சென்ட் மண்ணாவது வாங்கித் தந்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். நேற்று வீட்டுக்கார அம்மா ஜெகதாம்பாள் வந்திருந்தார். நீ இருந்த அறை சும்மாதானே கிடக்கிறது, அரசு மருத்துவமனையில் புதிதாக ஒரு நர்ஸ் பெண் வந்திருக்கிறாள், விடலாமா என்று கேட்டார். நல்ல பெண்ணாம். பொங்கலுக்கு யாராவது வந்தாலும் வரலாம், தை மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யார் என்று அவர் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

பனியில் நடக்கும்போது பார்த்து நட. எங்கே இருந்தாலும், சாயங்காலம் பேச்சுத் துணைக்கு உனக்கு ஒருத்தர் இருக்க வேண்டும். அதை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
பூங்குழலி