நஷ்வா கேட்ட முயல் துவக்கு

கிளேட்டன்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் நஷ்வாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் இங்கே சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் நீ அதைச் சொல்லி முடிக்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேலே ஏதும் கேட்டால் ஓகே வாப்பா, பை வாப்பா என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க ஏலாது, அதனால்தான் குசினி மேசையில் தாளும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறேன். உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, டொக்டர் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறேன் என்று எனக்குப் பொய் சொல்கிறாள். உன் தம்பி முனவ்வர் காரைத் துடைக்கிற அக்கறையில் பாதியைப் படிப்பில் காட்டினால் போதும். பின்வளவுக் கறிவேப்பிலை இந்தக் குளிருக்கும் தப்பிவிட்டது, மாஷா அல்லாஹ்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் நீ அனுப்பிய மெசேஜை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ வேலை பார்க்கிற ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் முயல் தொல்லையாம், சுடச் சொல்லிப் பண்ணைக்காரர் அனுமதிக் கடிதம் தந்தாராம், நீ லைசன்ஸ் வகுப்பும் முடித்துவிட்டாயாம், வரும்போது உம்மாவுக்கு முயல் இறைச்சியும் கொண்டு வருவாயாம். வாப்பா இருபத்திரண்டு வருஷம் டாண்டினோங்கில் லேத் மெஷினில் நின்றவர், இரும்பைத் தெரிந்தவர், லீவர் இழுத்துச் சுடுகிற சின்ன ரைபிள் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்க என்று என்னைக் குளிர வைத்து வேறு எழுதியிருக்கிறாய். என்ன மகள் இது? மருந்துக்கடையில் குளிசை எண்ணுகிற பிள்ளைக்குத் துவக்கு எதற்கு? முதலில் எனக்கு வந்த சந்தேகத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். யாரோ ஒரு பொடியன் இருக்கிறான், அவன் முயல் சுடப் போகிறவன், அவனோடு திரியத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று நினைத்தேன். உம்மாவிடம் சொன்னதற்கு, உங்களுக்கு வேற யோசனையே வராதா என்று ஏசினாள்.

சரி, கேட்டது பிள்ளையாச்சே என்று போன சனிக்கிழமை ஒரு துவக்குக் கடைக்குப் போனேன். சிஹாப்தீன் என்ற பெயரையும் இந்தத் தாடியையும் வைத்துக்கொண்டு அங்கே போவது லேசான வேலையா? தொப்பியைக் கழற்றிப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு போனேன், அதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உள்ளே இருக்கிற கமரா எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. செம்பட்டைத் தாடிக் கடைக்காரன் ஒருவன் யாருக்கு என்றுதான் முதலில் கேட்டான். ஆ, தொடங்கிவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவனிடமும் அதையேதான் கேட்டிருந்தான். மகளுக்கு, இப்போதுதான் பழகுகிறாள் என்றேன். இருப்பதிலேயே மினுங்குகிற ஒன்றை என் தலையில் கட்டப் போகிறான் என்று காத்திருந்தால், அவன் ஒரு பழைய மாதிரியை எடுத்து மேசையில் வைத்தான். வேலைப்பாடு நல்லது, அதை மறுக்க மாட்டேன். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழும், புதுத் தோட்டா ஏறும். ஆனால் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் வரிசையாகக் கிடக்கின்றன. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒன்று உள்ளே நின்றுவிடும், அதனால் ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடுகிற துவக்கில் தொடங்கச் சொல்லுங்கள் என்றான். தோளில் முட்டுக்கொடுக்கிற பின்கட்டை உன் கைக்கு நீளம் என்று எனக்கே தெரிந்தது.

பிறகு நீ கேட்டு அனுப்பிய கேள்விகளைப் போனில் இருந்து வாசித்தேன். அடுத்த வெடி எவ்வளவு கெதியில் வைக்கலாம், அறைக்குள் வைத்துத் திருப்பச் சுகமா, இருட்டில் தடவித் தோட்டா போட ஏலுமா. அவன் துவக்கைத் திரும்ப எடுத்துத் தட்டில் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். முயல் சுடுகிறவள் தூரத்தைக் கேட்பாள், குறியைக் கேட்பாள், நீங்கள் போய் மகளோடு பேசுங்கள் என்றான். பாதுகாப்புக்குத் துவக்கு என்று எழுதினால் இந்த நாட்டில் லைசன்ஸ் கிடைக்காது என்றும் சொன்னான். என்னைத் துரத்தத்தான் இப்படிச் சொல்கிறான் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது, விறுவிறென்று வெளியே வந்துவிட்டேன். ஒரு கிழமையாக அவனை மனதுக்குள் ஏசிக்கொண்டே திரிந்தேன்.

இவ்வளவும் எழுதி உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, புள்ள கத்தியப் பத்தி ஏதும் கேட்டாளா என்றாள். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடவேணும், உசிரோட கெடந்தா ஓடிப்போய் அறுக்கவேணும், எங்கட வீட்டுப் புள்ள வேட்டைக்குப் போறதெண்டா மொதல்ல கத்தியத்தானே கேப்பாள், ஆடறுத்து குர்பான் கொடுக்கிற நாள்ல குளிக்கிற அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கிறவள் முயல அறுக்கப் போறாளா என்றாள். உன் மெசேஜைத் திரும்ப எடுத்து வாசித்தேன். துவக்கைப் பற்றி இவ்வளவு கேட்ட நீ கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே மகள்!

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. போன மாதம் வீடியோவில் பட்டப்பகலில் யன்னல் சீலை மூடிக் கிடந்தது, தலைவலி என்றாய். உனக்குப் பின்னால் கதவில் புதுப் பூட்டு, வீட்டுக்காரர் மாற்றினார் என்றாய். ஒரு கதவுக்கு மூன்று பூட்டு எந்த வீட்டுக்காரர் போடுகிறார்? உன்னோடு ஒரே வீட்டில் இருந்த ஸ்ருதி சிட்னிக்கு மாறிப் போன நாளில் இருந்து, வேலை முடிந்து கார் வரைக்கும் நடக்கும்போது எனக்குப் போன் எடுக்கிறாய், ஒன்றும் பேசுவதில்லை, கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் பை வாப்பா என்கிறாய். பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று பள்ளிவாசலில் பெருமையடித்திருக்கிறேன், மடையன் நான். யாரோ ஒருவன் உன்னைத் தொடர்ந்து வருகிறான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது மகள். அந்தக் கடைக்காரனைச் சந்தேகப்பட்ட நேரத்தில் உன்னைக் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். துவக்கு ஒரு பெட்டிக்குள், தோட்டா இன்னொரு பெட்டிக்குள், ரெண்டுக்கும் பூட்டுப் போட வேணும் என்பது சட்டம். கதவுக்கு வெளியே நிற்கிறவன் நீ ரெண்டையும் திறக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பானா?

உறையில் முத்திரையும் ஒட்டிவிட்டேன், ஆனால் இதைத் தபாலில் போடவில்லை. நாளை விடிய சுபஹு தொழுதுவிட்டு நானும் உம்மாவும் முனவ்வரின் காரில் வெளிக்கிடுகிறோம், பின்நேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் வந்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ். போனில் சொன்னால் ஒன்றும் இல்லை, வரவேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. கதவைத் தட்டமாட்டேன், தட்டினால் நீ பயந்துவிடுவாய். இந்தக் கடிதத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வாசலில் காருக்குள் இருப்போம். உம்மா இடியப்பம் கட்டிக்கொண்டு வருகிறாள். ஆறுதலாக வாசி, அழுகை வந்தால் அழு, நாங்கள் எங்கேயும் போகமாட்டோம். பொலிசுக்குப் போகிறதென்றால் பக்கத்தில் நான் நிற்பேன், தொப்பியோடுதான் நிற்பேன். துவக்குப் பத்திரம் எதிலும் இனிக் கையெழுத்து வைக்காதே. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருப்பானாக. ஐந்து நேரத் தொழுகையையும் சாப்பாட்டையும் விடாதே. வாசித்து முடிந்ததும் யன்னல் சீலையை விலக்கிப் பார், நாங்கள்தான் என்று தெரிந்த பிறகு கதவைத் திற. திறந்ததும் வேறு ஒன்றும் சொல்லவேண்டாம், அந்த முயலின் பெயர் என்ன என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு
உன் வாசலில் இருக்கும்
வாப்பா சிஹாப்தீன், உம்மா நபீசா