கயிற்று ஒழுங்கையின் உரிமையாளர்கள்

கயிற்று ஒழுங்கை,
திருகோணமலை.
07.03.1980

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். நானும் மகள் அசனாவும் சுகம். கொழும்புச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

எங்கள் ஒழுங்கைக்கு முன்னேற்றம் வந்திருக்கிறது. உடைக்கப் போகும் வீடுகளின் கதவில் சிவப்புக் கோடு போட்டார்கள். ஒரு கதவையும் விடவில்லை. எங்கள் குசினி யன்னலால் துறைமுகம் தெரிகிறது. இத்தனை காலமும் அதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. இப்போது அந்தக் காட்சி உல்லாசப் பயணிகளுக்குத் தேவையாம். ஹோட்டல் எழும்பும், நாங்கள் பாலையூற்றுக்குப் போகவேண்டும்.

யார் சம்மதித்தது என்று வந்த அதிகாரியிடம் கேட்டேன். "உங்கட ஆம்பிளையள் எல்லாரும் ஒப்பம் வச்சிட்டினம், அம்மா" என்றார். பக்கத்து வீட்டு நல்லம்மா சிரித்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் வீடு தாய் தந்த சீதனம். இந்த ஒழுங்கையில் எந்த ஆணுக்கும் சொந்தமாக ஓர் ஓடுகூடக் கிடையாது.

அசனாவின் கலியாணத்துக்குக் கொடுக்க வேண்டிய வீடு இது. நீங்களும் ஒப்பம் வைத்தீர்களா?

உங்கள்
ஸாலிஹா


கொழும்பு,
13.03.1980

அன்பு மனைவி ஸாலிஹாவுக்கு முனாப் எழுதுவது,

ஓம், வைத்தேன். பயப்படாதே. போன லீவில் வந்தபோது அதிகாரிகள் ஆம்பிளைகளை மட்டும் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் கேக்கும் தந்து, வீட்டு உரிமையாளர் என்று போட்டிருந்த இடத்தில் ஒப்பம் கேட்டார்கள். வாய்க்குள் சிரித்துக்கொண்டுதான் வைத்தோம். "இல்லாத வீட்டை எழுதிக் குடுக்க என்ன பயம்?" என்று நல்லம்மாவின் புருஷன் இராசையா அண்ணன்தான் முதலில் பேனாவை வாங்கினார். வைக்காவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும், வைத்தால் செல்லாது. இதைவிடப் பாதுகாப்பான ஒப்பம் உண்டா?

வீட்டின் உறுதிப் பத்திரம் உன் பெயரில் அலுமாரிக்குள் இருக்கிறது. எடுத்துக் காட்டு, போய்விடுவார்கள்.

அசனாவுக்கு என் முத்தம்.

முனாப்


மூதூர்,
02.04.1980

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடி உறுதியைக் காட்டினேன். லொறியில் வந்தவர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை. கையில் அலவாங்கும் இரும்புக் கம்பியும் இருந்தன. ஒருவன் உறுதியை வாங்கி, ஒழுங்காக மடித்து, என் வாய்க்குள் திணித்துக் குத்தினான். முன்பற்கள் போய்விட்டன. அசனா அவன் கையைக் கடித்தாள். அவளைத் தலைமயிரில் பிடித்து ஒழுங்கை முடியும்வரை இழுத்துப் போனார்கள். நல்லம்மா உலக்கையால் ஒருவனின் தாடையை உடைத்தாள். நன்றாகவே உடைத்தாள், சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய முழங்கையை வாசற்படியில் வைத்து மிதித்தார்கள். காவலுக்கு வந்தவர்கள் அமைதி காத்தார்கள். அவர்கள் மட்டும்தான் காத்தார்கள்.

இராசையா அண்ணன் உள்ளே போய்க் கதிரையில் இருந்துகொண்டார். "இது என்ர பொஞ்சாதியின்ர வீடு. என்னை எழுப்ப ஏலாது" என்றார். சட்டப்படி சரியான கதை. புல்டோசர்காரன் சுவரைத் தள்ளினான். கல்லை விலக்கியபோது அவருக்கு முகம் இருக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்துத்தான் நல்லம்மா அடையாளம் சொன்னாள்.

மறுநாள் அந்த அதிகாரியின் கந்தோருக்குப் போனோம். ஒப்பம் வைத்தபோது உரிமையாளராக இருந்தவர், செத்தபோது உரிமையாளர் இல்லையாம். அனுமதியில்லாமல் அடுத்தவர் வீட்டில் இருந்தவராம்.

பாலையூற்றுக் காணிகளை ஆண்களின் பெயரில் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கும் ஒன்று. அதை அசனாவின் பெயருக்கு மாற்றித் தாருங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இப்போது என் தங்கை றம்ஸியா வீட்டில் இருக்கிறோம்.

ஸாலிஹா


கொழும்பு,
14.04.1980

அன்பு ஸாலிஹாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன். இராசையா அண்ணன் நல்ல மனுசன். அசனாவின் காயம் ஆறியதா? பல்லுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி.

லீவு எடுத்து வந்து காணியைப் பார்த்தேன். மேட்டு நிலம், சுற்றிவரக் கம்பு நட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி மூதூருக்கு வர லோஞ்சு பிடிக்க நேரம் போதவில்லை, குறை நினைக்காதே.

கலியாணம் முடித்த நாள் தொட்டு உன் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தவன் நான். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் உன் உம்மாவிடம் கேட்டேன். அந்தக் கம்புகளுக்கு நடுவில் நின்றபோது என் கால் வேறு மாதிரி ஊன்றியது. கொஞ்சக் காலம் என் பெயரிலேயே இருக்கட்டும். இந்த முறை நீ என் வீட்டுக்கு வா.

அன்புடன்
முனாப்


பாலையூற்று,
26.04.1980

ஜனாப் முனாப் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு ஒரு மனிதரைக் கொல்ல வேண்டியிருந்தது என்பதைத் தவிர, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வீடு இல்லை என்றதும் அசனாவுக்குக் கலியாணம் பேசியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் அவளும் நானும் நல்லம்மாவும் உங்கள் காணியில் கொட்டில் போட்டிருக்கிறோம். வேலி கொஞ்சம் குறைந்திருக்கும். அடுப்புக்கு விறகு தேவைப்பட்டது. நல்லம்மாவின் ஒரு கைக்கு இனி ஏலாது. மற்றக் கையில் கத்தி வைத்திருக்கிறாள்.

நீங்கள்தான் உரிமையாளர் என்பதை மூவரும் ஒப்புக்கொள்கிறோம். எங்களை எழுப்ப விரும்பினால் லொறியும் ஆட்களும் கொண்டு வாருங்கள். தனியாக வரவேண்டாம்.

ஸாலிஹா