அட்டைக் கோடரி

அன்புள்ள அக்கா,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதேங்கோ. இவர் இப்போதுதான் உறங்கினார்.

கனடாவிலிருந்து வந்திருக்கும் என் மாமிக்காக இன்று எல்லோரும் லண்டன் பழைய நகரைச் சுற்றி நடந்து பார்க்கப் போனோம். டவர் கோட்டையடியில் வழிகாட்டிப் பெண், அந்தக் காலத்தில் தலை வெட்டியதை நடித்துக் காட்டுவதற்காக என்னை முழங்காலில் இருத்தி, அட்டைக் கோடரியை ஓங்கினாள்.

என் ஆரணி கோடரிக்காரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடிப்போய் இவருடைய காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா, அம்மாவை அடிக்காதேங்கோ!” என்று கத்தினாள்.

தமிழ் தெரியாத கூட்டம் கைதட்டியது. மாமி நிலத்தைப் பார்த்தா.

வீட்டுக்கு வந்ததும் இவர், “பிள்ளைக்கு என்னடி சொல்லிக் குடுத்து வைச்சிருக்கிறாய்?” என்று என் தலையைச் சுவரில் மோதினார். மாமி டிவியின் சத்தத்தைக் கூட்டினா. பிறகு, முதல் தடவையாக, ஆரணிக்கும் அடித்தார்.

கிழக்கு லண்டனில் உங்கட அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் படுக்க இடம் இருக்குமா? வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம். என் வேலையிடத்து ஈமெயிலுக்குக் கெதியாகப் பதில் போடுங்கோ.

உங்கட தங்கச்சி