இரண்டாவது வயர் உன்னுடையது

என் ஸ்டெல்லாக்கா,

ஊரப்பாக்கம் வீட்டில் எல்லாம் நீ வைத்தபடியே இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்ல வரவில்லை. உன் நாடகத்தை அழித்துவிட்டேன்.

ஒரே மேசையில் உன் கம்ப்யூட்டர், என் ஆபீஸ் கம்ப்யூட்டர், நடுவில் ஒரே கீபோர்டு, மாற்றிவிட ஒரு சுவிட்ச். எனக்கு வேண்டுமென்றால் பட்டனை அழுத்தி "எனக்கு" என்பேன். நீ உன் திரையைச் சரிபார்த்து "விட்டுட்டேன்" என்பாய். வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நம் வேலை தடையில்லாமல் நடந்தது.

நீ போன பிறகு அந்தச் சுவிட்சும் போனது. "பட்டன் வெச்சதா, லைட் எரியுறதா பாத்து வாங்குடா, கண்டத வாங்கி பேஜார் பண்ணாத" என்றிருப்பாய். நான் வாங்கியது, கீபோர்டில் ஒரு கீயை இரண்டு முறை தட்டினால் மாறும் மட்டரகம். மாறியதா இல்லையா என்பது அதற்கே தெரியாது.

உன் கம்ப்யூட்டரை நான் அணைக்கவே இல்லை அக்கா. பார்த்தால் தாங்காது என்று திரையை மட்டும் அணைத்தேன். சர்ச் பிள்ளைகளுக்கு நீ எழுதிய கிறிஸ்துமஸ் நாடகம், நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று விட்டபடி பாதியில் திறந்து கிடந்தது. அது தூங்கிவிடாமலிருக்க, தினமும் காலையில் உன் பக்கம் மாற்றி ஏதாவது ஒரு கீயைத் தட்டுவேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்படித் தட்டிவிட்டு, பழைய ஆபீஸ் கடிதம் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க என் பக்கம் மாற்றினேன். மாறவில்லை. திரையைப் பார்க்காமலே மொத்தத்தையும் அழித்து, பழக்கதோஷத்தில் சேவ் செய்து, மூடியும்விட்டேன். என் திரையில் கடிதம் அப்படியே இருந்தபோதுதான் உறைத்தது.

மேற்குத் தாம்பரத்து ரிப்பேர் கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்.

"அக்கா வேற எங்கனா காப்பி வெச்சிக்கீறாங்களா சார்?"

"தெரியலையே."

"அப்ப கஷ்டம் சார். அது மேலயே சேவ் ஆயிருச்சி."

டிசம்பர் வருகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு ஒரு வசனம்கூட நினைவில்லை. நீ வாசித்துக் காட்டியபோதெல்லாம் நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன். ஒரு தடவையாவது கழற்றியிருக்கக் கூடாதா?

நேற்று பட்டன் சுவிட்ச் வாங்கினேன். கீபோர்டு யார் பக்கம் என்று லைட் காட்டுகிறது. நல்ல சாமான்தான், இனி எதைக் காப்பாற்ற? உன் பக்கம் வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கிறது. ஆனாலும் சுவிட்சிலிருந்து உன் கம்ப்யூட்டருக்குப் போகும் இரண்டாவது வயரைப் பிடுங்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் "எனக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவேன், சத்தியம்.

நீ மட்டும் "விட்டுட்டேன்" என்று சொல்லிவிடாதே அக்கா.

உன் பேச்சைக் கேட்காத தம்பி,
ஜெபா