போகட்டோ என்று கேட்டாய்

கோலியர்ஸ் வுட், லண்டன்
16 நவம்பர் 2025

அன்புள்ள ஜெஸ்ரின்,

இளவாலையில் நீயும் பிரவீணனும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அங்கே மழை தொடங்கிவிட்டதாமே. சின்னவளுக்கு இருமல் விட்டதா? எனக்கு முழங்கால் நோ குறையவில்லை. இல்லத்தில் மேல்மாடி மிஸஸ் ஹாரிஸ் இன்னும் உன்னைத்தான் தேடுகிறா. லீவில் போயிருக்கிறாய் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ உடனே "பரவாயில்லை அக்கா" என்பாய். அதைக் கேட்டுவிட்டுப் போனை வைப்பது எனக்குச் சுலபம். அதனால்தான் கடிதம்.

போன மாதம் எங்கள் முதியோர் இல்லத்திலிருந்து என்னை ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வால்தம்ஸ்டோவில், ஒரு நாள். பயிற்சி தந்தவர் கிரேக்கப் புராணக் கதை ஒன்று சொன்னார். போர் முடிந்து ஊர் திரும்பும் ஒரு கப்பல் தலைவன். வழியில் ஒடுக்கமான கடல். ஒரு பக்கம் கப்பலையே விழுங்கும் நீர்ச்சுழி, மறுபக்கம் குகைக்குள் ஆறு தலைப் பூதம். பூதத்தின் பக்கம் போனால் ஆறு பேர் சாவது நிச்சயம், மற்றவர்கள் பிழைப்பார்கள். தலைவனுக்கு இது முன்கூட்டியே தெரியும். ஆனால் துடுப்பு வலிக்கிறவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் துடுப்பை விட்டுவிடுவார்கள். பூதம் தூக்கியபோது அந்த ஆறு பேரும் அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்களாம்.

நீங்கள் என்றால் சொல்வீர்களா என்று அவர் கேட்டார். எல்லோரும் யோசிக்க, நான்தான் முதலில் கை உயர்த்தினேன். சொல்லக்கூடாது, கெட்ட செய்தியைத் தலைவர் தனியே சுமக்க வேண்டும் என்றேன். அதை அப்படியே பலகையில் எழுதினார். கை தட்டினார்கள்.

ஜெஸ்ரின், எனக்கு முன்பே தெரியும். ஜனவரியிலேயே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கும் எங்கள் அனுமதியை ஹோம் ஒபிஸ் பறிக்கப்போகிறது என்று மனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே விடாதே, எல்லோரும் ஓடிவிட்டால் கிடையில் இருப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆளில்லை என்றார். அது பொய்யில்லை. ஆனால் நான் வாய் மூடியது அவர்களுக்காக மட்டுமா? எனக்கு டீம் லீடர் பதவி கிடைத்து அப்போது மூன்று மாதம்.

அடுத்த வாரம் நீ சலவை அறைக்கு வந்தாய். "அக்கா, குரொய்டனில ஒரு இடத்தில வேலைக்குக் கேட்டிருக்கினம். விசாவும் மாத்தித் தருவினமாம். போகட்டோ?" என்றாய். நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "அவசரப்படாதை. இஞ்ச உனக்கு என்ன குறை? நான் இருக்கிறன்தானே."

மார்ச்சில் அனுமதி போனது. வேறு வேலை தேட, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக, உனக்கு அறுபது நாள் தந்தார்கள். குரொய்டனில் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மிட்சம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த இல்லங்களில் எல்லாம் ஏறி இறங்கினாய். நானும் கூடவே வந்தேன், உதவி செய்கிற அக்கா மாதிரி. நீங்கள் புறப்பட்ட அன்று ஷிப்ட் என்று சொல்லி ஹீத்ரோவுக்கு வரவில்லை. ஷிப்ட் இல்லை. வீட்டில்தான் இருந்தேன்.

அந்தக் கதையில் தலைவனாவது கவசம் போட்டுக்கொண்டு அதே கப்பலின் முன்பக்கத்தில் நின்றான். என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. என்னை எந்தப் பூதமும் தொட்டிருக்காது.

போன செவ்வாய்க்கிழமை மனேஜர் மறுபடி கூப்பிட்டார். கிறிஸ்மஸ் முடிய நாலு பேரை நிறுத்தப்போகிறார்களாம், ஒருவரிடமும் மூச்சு விடாதே என்றார். தேநீர் நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பதவி போனது. இப்போது நானும் மற்றவர்களோடு ஒருத்தி. இரண்டு பேர் வேறு இடங்களுக்கு எழுதிப்போட்டுவிட்டார்கள். நல்ல பெயர் வாங்க இதை எழுதவில்லை. உன் விஷயத்தில் எனக்குப் புத்தி பத்து மாதம் பிந்தி வந்தது.

ஒன்று கேட்கிறேன். அது மன்னிப்பு இல்லை. குரொய்டனை விட்டது உன் பிழை என்று பிரவீணன் இன்னும் உன்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று உன் தங்கச்சி சொன்னாள். மறித்தது நான் என்று நீ அவரிடம் சொல்லவே இல்லையாம். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. முழுவதையும் வாசிக்கட்டும்.

மாதா உங்கள் மூவரையும் ஒன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கிரிஜா